யார் அங்கே? வானொலித் தன்னியக்கத்தில் பாதுகாப்பான கோப்பு நுழைவும் அதன் தடைகளும்

காலை ஆறு மணிக்கு வானொலியைத் திறக்கும் நேயர், அறிவிப்பாளர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருப்பதாகவே எண்ணிக்கொள்கிறார். பல நிலையங்களில் அந்நேரத்தில் அங்கே எவரும் இருப்பதில்லை. முந்தைய நாளே பதிவு செய்த குரல், வெளியூரில் தயாரித்த நிகழ்ச்சி, விளம்பரம், நேர அறிவிப்பு ஆகிய யாவற்றையும் வரிசை பிறழாமல் ஒலிக்கச் செய்வது ஒரு கணினி. வெளியூரில் தயாரித்த நிகழ்ச்சி நள்ளிரவுக்குப் பின் இணையத்தின் வழியே வந்து சேர்கிறது. அதைச் சென்று எடுத்து வருவதும் கணினியே. அவ்வாறு சென்ற கணினி, கோப்பு இருக்கும் இடத்தின் வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டால், காலையில் ஒலிப்பது நேற்றைய நிகழ்ச்சியாக இருக்கும். அல்லது மௌனமாக இருக்கும்.

பணிக்கு வரும் பொறுப்பாளரின் கண்ணில் படுவது, நுழைவு தோல்வியுற்றது என்னும் ஒற்றை வரி. கடவுச்சொல்லில்தான் பிழை என்று அவர் கருதுகிறார். மீண்டும் தட்டச்சு செய்கிறார். புதிய கடவுச்சொல் கேட்டு வாங்குகிறார். மறுநாளும் அதே வரியைக் காண்கிறார்.

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. நுழைவு என்பது ஒரே செயலன்று; ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்படும் ஐந்து வினாக்களின் தொடர். எந்த வினாவில் அந்த உரையாடல் நின்றுபோயிற்று என்பதைக் கண்டுகொண்டால் பாதிப் பழுது நீங்கியதாகும். அதைக் காணாமல் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டே இருப்பது, நோயின் காரணத்தை நாடாமல் மருந்தை மட்டும் மாற்றுவதற்கு ஒப்பாகும்.

ஆளில்லா நேரத்தின் பணியாள்

வானொலித் தன்னியக்க மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் ரிவெண்டெல் என்பதை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இது அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு முதல் உருவாக்கப்பட்டு வரும் திறந்த மூல மென்பொருள். லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குகிறது. இதன் மூல நிரலை எவரும் கட்டணமின்றிப் பெற்றுப் படிக்கலாம், திருத்தலாம் என்பதால், கற்பவர்களுக்கு ஏற்ற எடுத்துக்காட்டாக அமைகிறது.

ஒலிநூலகத்தைப் பேணுவதற்கும், நிகழ்ச்சி நிரலை அமைப்பதற்கும், ஒலிபரப்புவதற்கும் ரிவெண்டெல்லில் தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. நமக்கு இங்கே வேண்டியது ஆர்.டி.கேட்ச் என்னும் பகுதி. குறித்த கிழமையில், குறித்த மணிக்கு, குறித்த முகவரியிலிருந்து ஒரு கோப்பைப் பதிவிறக்கு என்றோ, ஒரு கோப்பை அங்கே பதிவேற்று என்றோ அதற்கு ஆணையிட்டு வைக்கலாம். முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை உரிய கட்டங்களில் நிரப்பிவிட்டால், மனிதர் உறங்கும் வேளையில் அது தன் பணியைச் செய்யும்.

இணையத்தில் சென்று கோப்பை எடுக்கும் வேலையை ரிவெண்டெல் லிப்கர்ல் என்னும் நிரல் தொகுதியிடம் ஒப்படைக்கிறது. சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க் என்பவர் தொடங்கிய கர்ல் திட்டத்தின் பகுதி அது. உலகின் எண்ணற்ற மென்பொருள்களும் கருவிகளும் இதே தொகுதியைப் பயன்படுத்துகின்றன. ஆகவே, இங்கே நாம் கற்கும் பாடம் வானொலி நிலையத்தோடு நின்றுவிடுவதில்லை.

திறந்த அஞ்சலட்டையும் மூடிய உறையும்

கோப்புகளை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும் நெறிமுறை, இணையம் என்னும் பெயர் வழங்குவதற்கு முன்பே தோன்றியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த அபய் பூஷன் 1971ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அதன் முதல் வரைவை எழுதினார். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவர்களுள் அவர் ஒருவர். எஃப்.டி.பி. என்று வழங்கும் அந்நெறிமுறை 1985இல் இன்றைய வடிவத்தைப் பெற்றது.

அக்காலக் கணினி வலையமைப்பில் இருந்தோர் சிலரே, ஒருவரையொருவர் அறிந்தோர். எனவே பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மறைப்பின்றி அப்படியே அனுப்பப்பட்டன. அஞ்சலட்டையில் எழுதிய செய்தியை வழியில் உள்ள எவரும் படிக்கலாம் என்பது போன்ற நிலை அது. பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில், கடந்து செல்லும் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்கும் தாக்குதல் ஒன்று நிகழ்ந்தது. அதனைக் கண்ட டாட்டு யிலோனன் என்னும் ஆய்வாளர் 1995ஆம் ஆண்டில் எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான நெறிமுறையை உருவாக்கினார். எஃப்.டி.பி.க்கு 21ஆம் வாயிலும், டெல்நெட் என்னும் மற்றொரு பழைய நெறிமுறைக்கு 23ஆம் வாயிலும் உரியவை. இவ்விரண்டுக்கும் இடையே காலியாக இருந்த 22ஆம் எண்ணை அவர் கேட்டுப் பெற்றார். போர்ட் எனப்படும் இவ்வாயில் எண், ஒரு கட்டடத்தின் பல கதவுகளுள் எந்தக் கதவைத் தட்டுவது என்பதைக் குறிப்பதாகும்.

எஸ்.எஸ்.எச். அமைக்கும் மறைவழிக்குள் கோப்புகளைக் கொண்டு செல்லும் முறையே எஸ்.எஃப்.டி.பி. இங்கே ஒரு பெயர் மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். எஃப்.டி.பி.எஸ். என்னும் வேறொரு முறையும் உண்டு. அது பழைய எஃப்.டி.பி.க்குச் சான்றிதழ் அடிப்படையிலான மறையாக்கத்தைப் போர்த்திய வடிவம். 21 அல்லது 990ஆம் வாயிலைப் பயன்படுத்துவது. பெயரில் ஓர் எழுத்து இடம் மாறினாலும் இவை இரண்டும் முற்றிலும் வேறான மொழிகள். ஒன்றைப் பேசும் வழங்கியிடம் மற்றொன்றைப் பேசினால் உரையாடல் தொடங்கவே தொடங்காது. வழங்கி என்று நாம் இங்கே குறிப்பது, கோப்பைத் தன்னிடம் வைத்திருந்து கேட்பவர்க்குத் தரும் கணினியை. அது பேசுவது இவ்விரண்டில் எது என்று கேட்டறிவதே முதல் வேலை.

ஐந்து வினாக்கள்

முதல் வினா: எங்கே செல்வது?

கணினி முதலில் வழங்கியின் பெயரை இணைய எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். பின்னர் உரிய வாயிலைத் தட்ட வேண்டும். இக்கட்டத்தில் எழும் பிழைகளை லிப்கர்ல் எண்களால் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. பெயரைக் கண்டறிய இயலவில்லை எனில் பிழை எண் 6. வாயிலைத் தட்டியும் இணைப்பு அமையவில்லை எனில் 7. விடையே இன்றி நேரம் கடந்துபோயிற்று எனில் 28.

இணைப்பு மறுக்கப்பட்டது என்பதற்கும் நேரம் கடந்தது என்பதற்கும் உள்ள வேறுபாடு பயனுள்ளது. மறுப்பு உடனே வந்தால், பெரும்பாலும் அந்த முகவரியில் கணினி இருக்கிறது, ஆனால் அந்த எண்ணுள்ள கதவின் பின்னே எவரும் இல்லை என்று பொருள். பல வழங்கிகள் 22ஐத் தவிர்த்து வேறு வாயில் எண்ணைப் பயன்படுத்துவதும் உண்டு. மறுப்பும் இன்றி அமைதியே நிலவினால், ஃபயர்வால் எனப்படும் தீச்சுவர் நம் வேண்டுகோளை விழுங்கிவிட்டிருக்கக்கூடும். அனுமதிப் பட்டியலில் உள்ள இணைய எண்களை மட்டுமே உள்ளே விடும் வழங்கிகள் உள்ளன. நிலையத்தின் இணைய எண் மாறிவிட்டால், நேற்றுவரை திறந்த கதவு இன்று திறவாது. திரும்பத் திரும்பத் தவறான கடவுச்சொல்லுடன் வருபவரைச் சிறிது நேரம் தடைசெய்து வைக்கும் காவல் நிரல்களும் உண்டு. பொறுமையிழந்து பத்து முறை முயன்ற பொறுப்பாளர், தாமே தமக்குக் கதவை அடைத்துக்கொள்வது இவ்வாறுதான்.

இந்த வினாவில் நின்றுபோன உரையாடலில் கடவுச்சொல் கேட்கப்படவே இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதை மாற்றுவதால் இங்கே எப்பயனும் இல்லை.

இரண்டாம் வினா: எதிரே இருப்பது யார்?

நுழைபவர்தாம் தம்மை மெய்ப்பிக்க வேண்டும் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். எஸ்.எஸ்.எச். நெறிமுறையில் முதலில் தன்னை மெய்ப்பிப்பது வழங்கியே. அதனிடம் தனக்கே உரிய ஒரு திறவுகோல் இணை உண்டு. அதன் சுருக்க அடையாளத்தைக் கைரேகை என்பர். முதன்முறை இணையும்போது நம் கணினி அக்கைரேகையைக் காட்டி, ஏற்கலாமா என்று கேட்கும். ஏற்றுக்கொண்டால் தெரிந்த வழங்கிகளின் பட்டியலில் பதிந்து வைக்கும். அடுத்த முறை வேறு கைரேகை தோன்றினால் எச்சரித்து நின்றுவிடும்.

கைரேகை மாறியதற்கு எளிய காரணம் இருக்கலாம். வழங்கியைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றியிருப்பார்கள். கொடிய காரணமும் இருக்கலாம். இடையில் ஒருவர் அந்த வழங்கிபோல் வேடமிட்டு நின்றிருப்பார். இரண்டையும் திரையைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. வழங்கியின் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்துப் புதிய கைரேகையை வாய்மொழியாக ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

இரு கணினிகளுக்கும் பொதுவான மறையாக்க முறை ஒன்றும் இல்லையெனில் உரையாடல் இக்கட்டத்திலேயே முறிந்துவிடும். பல்லாண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத நிலையக் கணினி, அண்மையில் புதுப்பிக்கப்பட்ட வழங்கியைச் சந்திக்கும்போது இது நிகழ்கிறது.

மூன்றாம் வினா: வந்திருப்பது யார்?

இங்கேதான் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வருகின்றன. வழங்கி மறுத்தால் லிப்கர்ல் தரும் பிழை எண் 67. அந்த எண்ணைக் கண்ட பின்னரே கடவுச்சொல்லை ஐயுற வேண்டும். அப்போதும், கடவுச்சொல் சரியாக இருந்தும் அது வழங்கியைச் சென்றடைந்த வடிவம் பிழையாக இருக்கலாம். மின்னஞ்சலிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இறுதியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும், கண்ணுக்குத் தெரியாது. சில மென்பொருள்களில் கடவுச்சொல்லை முகவரியின் உள்ளேயே எழுதும் வழக்கம் உண்டு. முகவரியில் @ என்னும் குறி, பயனர் விவரம் முடிந்து வழங்கியின் பெயர் தொடங்குவதைக் காட்டுவது. கடவுச்சொல்லிலும் அக்குறி இருந்தால் கணினி குழம்பும். அதனை %40 என்று மாற்றி எழுத வேண்டும். சாய்கோடு, # ஆகிய குறிகளுக்கும் இத்தகைய மாற்றெழுத்துகள் உள்ளன. கடவுச்சொல்லுக்கென்று தனிக் கட்டம் இருந்தால் அதில் இடுவதே நன்று.

கடவுச்சொல்லைவிட வலிய சான்று திறவுகோல் இணை. பொதுத் திறவுகோலை வழங்கியில் வைத்துவிட்டுத் தனித் திறவுகோலை நம் கணினியில் காத்துக்கொள்கிறோம். அனுமன் கொண்டு சென்ற கணையாழி அவன் இராமனின் தூதன் என்பதை மெய்ப்பித்தது. சீதை தந்த சூடாமணி, அவன் சீதையைக் கண்டதை இராமனுக்கு மெய்ப்பித்தது. இரு புறமும் சான்று காட்டும் அந்த ஒழுங்கே இங்கும் உள்ளது. ஒரு வேறுபாடு உண்டு. கணையாழி கைமாறிச் சென்றது. தனித் திறவுகோல் தன் இடத்தை விட்டு நகர்வதே இல்லை. அதைக் கொண்டு இடப்பட்ட கையொப்பம் மட்டுமே வழங்கிக்குச் செல்கிறது. எனவே வழியில் ஒட்டுக்கேட்பவருக்குத் திருடுவதற்கு ஒன்றும் கிட்டாது.

திறவுகோலுக்கும் தனக்கே உரிய பிணிகள் உண்டு. தனித் திறவுகோல் கோப்பைப் பிறரும் படிக்கலாம் என்ற நிலையில் வைத்திருந்தால், ஓப்பன் எஸ்.எஸ்.எச். அதனைப் பயன்படுத்த மறுக்கும். உரியவர் மட்டுமே படிக்கவும் எழுதவும் இயலும்படி, அதாவது 600 என்னும் அனுமதி எண்ணுடன், அது இருத்தல் வேண்டும். 2018இல் வெளிவந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 7.8ஆம் பதிப்பு, புதிய தனித் திறவுகோல்களை வேறொரு வடிவத்தில் எழுதத் தொடங்கியது. பழைய நிரல் தொகுதிகள் சில அவ்வடிவத்தை அறியா. 2021இல் வந்த 8.8ஆம் பதிப்பு, வலுவிழந்த பழைய ஆர்.எஸ்.ஏ. கையொப்ப முறையை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. நிலையத்தில் எதையும் மாற்றாதபோதும், வழங்கியைப் புதுப்பித்த மறுநாள் நுழைவு தவறுவதற்கு இது ஒரு காரணம். ஒரே இணைப்பில் 6 முயற்சிகளுக்கு மேல் இடந்தராதது ஓப்பன் எஸ்.எஸ்.எச். வழங்கியின் இயல்பான அமைப்பு. பல திறவுகோல்களை வைத்திருக்கும் கணினி அவற்றை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தால், சரியான திறவுகோலின் முறை வருவதற்குள் வாய்ப்புத் தீர்ந்துவிடும். எதை நீட்டுவது என்று குறிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் வினா: உள்ளே என்ன உரிமை?

அடையாளம் ஏற்கப்பட்ட பின்னும் இணைப்பு உடனே அறுந்துபோவது உண்டு. பயனரை ஒரு குறிப்பிட்ட கோப்புறைக்குள் மட்டும் அடைத்து வைக்கும் அமைப்பில் இது காணப்படும். அக்கோப்புறையும் அதற்கு மேலுள்ள கோப்புறைகளும் முதன்மை நிருவாகிக்கே உரியனவாக, வேறு எவரும் எழுத இயலாதனவாக இருக்க வேண்டும் என்பது ஓப்பன் எஸ்.எஸ்.எச். விதி. வழங்கியின் பொறுப்பாளர் நல்லெண்ணத்தோடு அந்தக் கோப்புறையில் எழுதும் உரிமையைப் பயனருக்கு அளித்துவிட்டால், கதவே மூடிக்கொள்ளும். பயனர் எழுதுவதற்கு உள்ளே தனியே ஒரு கோப்புறையை அமைத்துத் தர வேண்டும். இத்தடையை நிலையத்திலிருந்து நீக்க முடியாது. வழங்கியின் பக்கமே திருத்த வேண்டும்.

ஐந்தாம் வினா: எந்தக் கோப்பு?

கோப்பு இல்லை என்பதைக் குறிக்கும் பிழை எண் 78 தோன்றினால், நுழைவு வெற்றி பெற்றுவிட்டது என்று பொருள். ஆயினும் நுழைவுப் பிழையாகவே இதைப் பலர் கருதிவிடுகின்றனர். பழைய எஃப்.டி.பி.யிலிருந்து எஸ்.எஃப்.டி.பி.க்கு மாறும் நிலையங்களில் இது மிகுதி. எஃப்.டி.பி. முகவரியில் பாதை, பயனரின் சொந்தக் கோப்புறையிலிருந்து எண்ணப்படுகிறது. கர்ல் பயன்படுத்தும் எஸ்.எஃப்.டி.பி. முகவரியிலோ அது கோப்பு அமைப்பின் வேரிலிருந்து எண்ணப்படுகிறது. சொந்தக் கோப்புறையிலிருந்து தொடங்க வேண்டுமாயின் வழங்கியின் பெயருக்குப் பின் /~/ என்று எழுத வேண்டும். பாதையில் இந்த மூன்று குறிகள் விடுபட்டதற்காகக் கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை.

தேதியும் கவனத்துக்குரியது. நாள்தோறும் வரும் கோப்பின் பெயரில் அன்றைய தேதி இருப்பது வழக்கம். ரிவெண்டெல்லில் % குறியோடு சேர்ந்த எழுத்துகள் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றால் நிரப்பப்படும். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ நள்ளிரவு 12.30 மணிக்குப் புதிய நாள் பிறந்துவிட்டது. அந்நேரம் லண்டனில் முந்தைய நாளின் மாலை. லண்டன் தேதியில் பெயரிட்ட கோப்பை நம் தேதியைக் கொண்டு தேடினால் கிட்டாது.

பகலில் திறக்கும் கதவு இரவில் திறவாததேன்?

பழுதறிவோரை மிகவும் மயக்கும் நிலை ஒன்று உண்டு. பொறுப்பாளர் தம் கையால் இணைத்துப் பார்க்கிறார், கதவு திறக்கிறது. அதே விவரங்களோடு மென்பொருள் இரவில் முயல்கிறது; கதவு திறவாது.

இதன் விடை மூன்றாம் வினாவிலேயே அடங்கியுள்ளது. பகலில் வந்தவரும் இரவில் வந்தவரும் ஒருவரல்லர். லினக்ஸ் கணினியில் ஒவ்வொரு நிரலும் ஏதேனும் ஒரு பயனரின் பெயரிலேயே இயங்குகிறது. பின்னணியில் இயங்கும் தன்னியக்க நிரல், பொறுப்பாளரின் பெயரிலன்றி அதற்கென அமைந்த வேறொரு பயனரின் பெயரில் இயங்கும். அப்பயனருக்குத் தனி வீட்டுக் கோப்புறை, தனித் திறவுகோல், தெரிந்த வழங்கிகளின் தனிப் பட்டியல். பொறுப்பாளர் பகலில் கைரேகையை ஏற்றுக்கொண்டது அவருடைய பட்டியலில் மட்டுமே பதிந்தது. இரவில் வந்த நிரலுக்கு அந்த வழங்கி முன்பின் அறியாத அயலார்.

திறவுகோலைக் காக்கும் மறைமொழியும் இவ்வாறே. பகலில் அதனைத் தட்டச்சு செய்ய ஒருவர் இருக்கிறார். இரவில் கணினி கேட்கும். விடை சொல்ல ஆள் இல்லை. சில வழங்கிகள் கைப்பேசிக்கு அனுப்பும் ஒருமுறைக் குறியீட்டையும் கேட்கின்றன. அதுவும் உறங்குகிறவரின் கைப்பேசியில் ஒளிர்ந்து அணைந்துவிடும்.

ஆகவே, சோதனையை எப்போதும் அந்நிரல் எந்தப் பயனரின் பெயரில் இயங்குகிறதோ அந்தப் பயனராக இருந்தே செய்ய வேண்டும். இதைக் கடைப்பிடிப்பவர் பல நாள் அலைச்சலைத் தவிர்த்துக்கொள்வர். தன்னியக்கத்துக்கென்று மறைமொழி இல்லாத தனித் திறவுகோல் ஒன்றை உருவாக்கலாம். அப்போது அதன் அதிகாரத்தைக் குறுக்க வேண்டும்: அது ஒரே ஒரு கோப்புறையை மட்டும் அடையட்டும், நிலையத்தின் இணைய எண்ணிலிருந்து மட்டும் செல்லுபடியாகட்டும்.

தமிழ் எழுத்துகள் தரும் பாடம்

தமிழ் நிகழ்ச்சியின் கோப்புக்குத் தமிழிலேயே பெயரிட விரும்புவது இயல்பு. யூனிகோடு முறை அதற்கு இடமளிக்கிறது. எனினும் திரையில் ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்கள் கணினிக்கு வெவ்வேறாக இருக்கலாம் என்பதைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நலம். 'கொ' என்னும் எழுத்தைக் ககரத்துடன் ஒகரக் குறியைச் சேர்த்தும் சேமிக்கலாம். ககரத்துடன் எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே சேர்த்தும் சேமிக்கலாம். யூ.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள் கொள்ளும். முதல் வடிவத்துக்கு 6 பைட்டுகள், இரண்டாவதற்கு 9. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸ் கோப்பு அமைப்புக்கோ அவை இரு வேறு பெயர்கள். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு அமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்து வந்ததால், அங்கே பெயரிட்ட கோப்பை லினக்ஸ் கணினி தேடும்போது இல்லை என்று சொல்ல நேரும்.

நீளமும் ஒரு வரம்பு. லினக்ஸில் பரவலாக உள்ள கோப்பு அமைப்பில் ஒரு பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. அதாவது, தமிழில் 85 குறிகள். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், நீண்ட நிகழ்ச்சித் தலைப்பு எளிதில் எல்லையைத் தொட்டுவிடும்.

கடவுச்சொல்லுக்கும் இது பொருந்தும். அஞ்சல் அல்லது தமிழ்99 விசைப்பலகை செயலில் இருப்பதை மறந்து கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால், சில மென்பொருள்களில் தமிழ் எழுத்துகளே உள்ளே செல்லும். திரையில் தெரிவது புள்ளிகள் மட்டுமே என்பதால் பிழை புலப்படாது. ஆகையால், கணினிகளுக்கிடையே பயணம் செய்யும் கோப்புக்கு எண்களாலும் உரோமன் எழுத்துகளாலும் சுருக்கமான பெயரை இட்டு, தமிழ்த் தலைப்பை ஒலிநூலகத்தில் அதற்குரிய கட்டத்தில் முழுமையாக எழுதலாம். நிலையத்தில் பணிபுரிவோர் படிக்கும் இடத்தில் தமிழ் இருக்கட்டும்; கணினி தேடும் இடத்தில் ஐயத்துக்கு இடமில்லாத பெயர் இருக்கட்டும். இதனால் தமிழுக்குக் குறை ஒன்றும் இல்லை.

காவலை நீக்குவது தீர்வாகாது

பழுது நீங்காதபோது மனம் குறுக்கு வழியை நாடும். கைரேகைச் சோதனையை அணைத்துவிடலாம், எல்லாக் கோப்புகளுக்கும் எல்லார்க்கும் உரிமை அளிக்கலாம், பழைய எஃப்.டி.பி.க்கே திரும்பிவிடலாம். இவற்றுள் ஏதேனும் ஒன்று கதவைத் திறந்துவிடவும் கூடும். கோப்பு வந்து சேரும். காலை நிகழ்ச்சி ஒலிக்கும். அனைவரும் அமைதி அடைவர்.

அந்த அமைதிக்கு விலை உண்டு. வானொலி நிலையத்துக்கு வரும் கோப்பு, எவர் காதும் அதைக் கேட்டுச் சரிபார்ப்பதற்கு முன்பே ஒலிபரப்பாகிவிடலாம். அயலார் ஒருவர் வழங்கிபோல் வேடமிட்டுத் தம் ஒலிக்கோப்பைத் தந்துவிட்டால், அது நிலையத்தின் பெயரிலேயே வீடுகளுக்குள் செல்லும். செய்தி நேரத்தில் கேட்கும் குரலை நேயர் நம்புகிறார். வெள்ள எச்சரிக்கையோ பள்ளி விடுமுறையோ வானொலி சொன்னால் அதன்படி நடக்கிறார். நுழைவாயிலில் கேட்கப்படும் வினாக்கள் காப்பது அந்த நம்பிக்கையை. ஒருநாள் மௌனத்துக்காக நிலையம் மன்னிப்புக் கேட்கலாம். தன் பெயரில் ஒலித்த அயற்குரலுக்கு விளக்கம் சொல்வது அத்தனை எளிதன்று.

ஆய்வின் ஒழுங்கு

இதுகாறும் கண்டவற்றை ஓர் ஒழுங்கில் தொகுப்போம். முதலில், மென்பொருளின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து, பிழைச் செய்தியைச் சொல் மாறாமல் எழுதிக்கொள்ள வேண்டும். இயலுமாயின் வழங்கியின் பதிவேட்டையும் அதன் பொறுப்பாளரிடம் கேட்டுப் பெற வேண்டும். பாதுகாப்புக் கருதி வெளியே ஒரு சொல்லில் மறுக்கும் வழங்கி, தன் பதிவேட்டில் காரணத்தை விரிவாக எழுதி வைத்திருப்பதுண்டு. இரண்டாவதாக, அச்செய்தி ஐந்து வினாக்களுள் எதற்கு உரியது என்று தீர்மானிக்க வேண்டும். மூன்றாவதாக, நிரல் இயங்கும் பயனராகவே மாறி நின்று சோதிக்க வேண்டும். நான்காவதாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதைக் குறித்து வைக்க வேண்டும். மூன்றை ஒருசேர மாற்றியபின் கதவு திறந்தால், எது காரணம் என்பது தெரியாமலே போகும். இறுதியாக, சோதனைக்காகத் தளர்த்திய காவல் எதுவாயினும் அதனை மீண்டும் இறுக்கிவிட வேண்டும்.

பழுது நீங்கியதோடு பணி முடிந்துவிடுவதில்லை. கோப்பு வராவிட்டால் உடனே ஒருவருக்குச் செய்தி செல்ல ஏற்பாடு வேண்டும். மாற்றாக ஒலிக்க ஒரு பொது நிகழ்ச்சி எப்போதும் கணினியில் ஆயத்தமாக இருக்க வேண்டும். பதிவிறக்க நேரத்தைக் காலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னர் வைக்காமல், திருத்துவதற்கு அவகாசம் கிடைக்கும்படி பல மணி நேரம் முன்னதாக வைப்பது அறிவுடைமை.

மாணவர்களுக்கு இப்பாடத்தைக் கற்பிக்க வானொலி நிலையம் தேவையில்லை. வகுப்பில் ஒருவரை வழங்கியாகவும் மற்றொருவரை நிரலாகவும் நிறுத்தி, ஐந்து வினாக்களையும் வரிசையாகக் கேட்கச் செய்யலாம். மூன்றாம் மாணவர் ஏதேனும் ஒரு விடையை மறைவாக மாற்றிவிடட்டும். உரையாடல் எங்கே நின்றது, அதற்கு முன் எவையெல்லாம் சரியாக நடந்தன என்பதை ஏனையோர் கண்டு சொல்லட்டும். எது பிழை என்று தேடுவதற்கு முன் எதுவரை சரி என்று அறிய அவர்கள் அங்கே பழகிக்கொள்வர். நாளை ஒரு நிலையத்தின் பொறுப்பு அவர்களுள் ஒருவரின் கைக்கு வரும்போது, நள்ளிரவில் வாயிலில் நின்ற கோப்புக்கு அவர் பதற்றமின்றி வழிகாட்டுவார்.